"4.7 சும்மா ஓடும்" எண்டு சொல்லி வித்தவை, ஓடேல்லை: இது பழுதான சாமானோ?

புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கலியாணவீடு, சாமத்தியவீடு வீடியோ எடிட் பண்ணுற சின்ன ஸ்ரூடியோ, வீட்டோட சேர்ந்த சீற் போட்ட அறையில. ரைசன் 5 5600 புறொசசர், பி450 மதர்போட், 3600 எண்டு பெட்டியில அடிச்ச 8 ஜிபி றாம் ரெண்டு, பிறகு வேலை கூடினவுடன அதே பிராண்டில இன்னும் ரெண்டு வாங்கிப் போட்டு இப்ப மொத்தம் நாலு. கூலர் புறொசசர் பெட்டிக்குள்ள வந்ததுதான். வாங்கேக்க கடைக்காரர் "தம்பி, இது 4.7 சும்மா ஓடும்" எண்டு, அதாவது புறொசசர் 4.7 கிகாஹேட்ஸ் வேகத்தில ஓடும் எண்டு சொன்னவராம், யூடியூப்பிலயும் ஒருத்தர் ஓட்டிக் காட்டினவராம். இவற்ற மிசினை 4.6 இல வச்சா ரெண்டர் (எடிட் பண்ணினதை முழு வீடியோவா ஆக்கிற வேலை) பாதியில போய்க்கொண்டிருக்கேக்க ரீஸ்ரார்ட் ஆகுது, றாமை 3600 இல விட்டா புளூ ஸ்கிறீன். எனக்குப் பழுதான பீஸைத் தள்ளிவிட்டிட்டாங்களோ, கொண்டுபோய்க் குடுத்து மாத்தலாமோ எண்டு கேக்கிறார்.

தம்பி, நீங்கள் ரெண்டு பக்கத்துக்கு எழுதினதில முக்கியமான ஒரு விசயம் இல்லை. 4.6 உம் போடாம, 3600 உம் போடாம, பயோஸை (மிசின் தொடங்கேக்க ஓடுற, மதர்போட்டின்ர செற்றிங் புறோகிராம்) அப்பிடியே டிஃபோல்ட்டில, கொம்பனி வச்ச மாதிரியே விட்டா மிசின் ஒழுங்கா ஓடுதோ? ஓடுது எண்டால் உங்கட புறொசசர் பழுதில்லை, மாத்தித் தரவேண்டிய கடமை கடைக்கும் இல்லை கொம்பனிக்கும் இல்லை. டிஃபோல்ட்டிலயும் விழுது எண்டால் கதை வேற, அப்ப நானே சொல்லுவன் போய் நிண்டு சண்டை பிடியுங்கோ எண்டு.

பெட்டியில என்ன போட்டிருக்கு எண்டு பாருங்கோ. 5600 க்கு அடிப்படை வேகம் 3.5 கிகாஹேட்ஸ், பூஸ்ட் (தானா ஏறுற வேகம்) 4.4 வரைக்கும். அந்த 4.4 கூட "வரைக்கும்" தான், சிப்புக்குள்ள தனித்தனியா வேலை செய்யிற ஆறு கோரில ஒண்டு ரெண்டு வேலை செய்யேக்க தொடும், ஆறு கோரும் சேர்ந்து ரெண்டர் இழுக்கேக்க வெக்கையையும் கரண்டையும் பாத்து அது தானா இறங்கிக்கொள்ளும். ரைசன் செய்யிற ஏஎம்டி உங்களுக்கு வித்தது அவ்வளவுதான். அதுக்கு மேல ஓடினா உங்கட அதிஷ்டம், ஓடாட்டி ஒருத்தரையும் கேக்கேலாது. "ஆனா இது அன்லொக் சிப் தானே அண்ணை" எண்டு கனபேர் வாறவை. ஓம், ரைசன் டெஸ்க்டொப் சிப் அநேகமா எல்லாம் அன்லொக், இன்ரெலில கே எண்டு முடியிறது அன்லொக், அதாவது வேகத்தைக் கூட்டிப்பாக்க (அதைத்தான் ஓவர்க்ளொக் எண்டுறது) கொம்பனி விடுது, ஆனா கூட்டினா ஓடும் எண்டு ஒரு இடத்திலயும் எழுதித் தரேல்லை. அதுக்கும் மேல, கூட்டினதால வந்த பழுதுக்கு வொரண்டி இல்லை எண்டு ரெண்டு கொம்பனியும் தங்கட வொரண்டி நிபந்தனையில போட்டிருக்கு.

ஒரே மொடல், ஒரே விலை, ஒருத்தற்ற 4.7 ஓடுது மற்றவற்ற 4.5 லயே விழுது, இது ஏன்? சிப் எல்லாம் ஒரு பெரிய வட்டமான சிலிக்கன் தட்டில ஒண்டா அடிச்சு வெட்டி எடுக்கிறது. ஒரே வரம்புக்குள்ள ஒரே விதைநெல் விதைச்சாலும் மேட்டுப்பக்கம் ஒரு மாதிரி பள்ளப்பக்கம் ஒரு மாதிரி விளையும் எல்லோ, அதே கதைதான், தட்டில எந்த இடத்தில வந்த சிப் எண்டதில இருந்து கனக்க விசயத்தில சின்னச் சின்ன வித்தியாசம் வரும். கொம்பனி ஒவ்வொண்டையும் சோதிச்சு, இது இவ்வளவு வோல்ற்றேஜில இவ்வளவு வேகம் நிக்குது எண்டு பாத்துத் தரம் பிரிக்கும். நல்லா வந்தது விலை கூடின மொடலுக்குப் போயிடும், மிச்சம் உங்களுக்கும் எனக்கும் வரும். 5600 க்குள்ள வந்த சிப் 5600 க்கான சோதனையில பாஸ், அவ்வளவுதான் தெரியும். அதுக்கு மேல எவ்வளவு மிச்சம் இருக்கு எண்டு கடைக்காரருக்கும் தெரியாது, யூடியூப்காரருக்கும் தெரியாது, அவருக்குத் தன்ர சிப்பைப் பற்றி மட்டும்தான் தெரியும். அதோட அவர் ஓட்டிக் காட்டினது ஏசி அறையில பெரிய கூலர் போட்டு பத்து நிமிச பெஞ்ச்மார்க் சோதனை. உங்கட ரெண்டர் மூண்டு நாலு மணித்தியாலம் போகுது.

இந்த எதிர்பார்ப்பு எங்கயிருந்து வந்தது எண்டும் சொல்லோணும், ஏனெண்டால் ஒரு காலத்தில அது உண்மைதான். 1998 இல இன்ரெல் செலரோன் 300ஏ எண்டு ஒண்டு விட்டது, 300 மெகாஹேட்ஸ், பஸ் (சிப்பையும் போட்டையும் இணைக்கிற வழி) வேகம் 66. போட்டில பஸ்ஸை 100 ஆக்கினா அது அப்பிடியே 450 இல ஓடும், இருந்ததை விட அரைவாசி கூட, அதுவும் அந்த நேரத்து விலை கூடின பென்ரியத்தோட போட்டி போடுற அளவுக்கு. எல்லாப் பீஸும் இல்லை, ஆனா கனக்கப் பீஸ் ஓடினது. (அந்த வருசம் வன்னியில நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டுக்கொண்டிருந்தனாங்கள், அதால எங்கட ஊர்ப் பெடியள் ஒருத்தருக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கேல்லை.) 2011 இல வந்த இன்ரெல் 2600கே, 2500கே யும் நல்ல இடம் விட்ட சிப்தான். கொம்பனி அப்ப கவனமா வேகத்தைக் குறைச்சு வச்சு வித்தது, உள்ளுக்க மிச்சம் கிடந்தது.

இப்ப அந்த மிச்சத்தைக் கொம்பனியே எடுத்திட்டுது. பூஸ்ட் எண்டு சொல்லுறது அதைத்தான்: சிப் தன்ர வெக்கை, வோல்ற்றேஜ், கரண்ட் எல்லாத்தையும் செக்கனுக்குக் கனதரம் பாத்துப் பாத்து ஏலுமான அளவு மேல போகுது. நீங்கள் கையால செய்ய நினைக்கிறதை அது உங்களை விடக் கெட்டித்தனமா ஏற்கனவே செய்துகொண்டிருக்கு. அமெரிக்காவில சிலிக்கன் லொட்டரி எண்டு ஒரு கடை இருந்தது, புறொசசரை வாங்கி ஒவ்வொண்டா சோதிச்சு, இது இந்த வேகத்துக்கு நிக்கும் எண்டு தரம் பிரிச்சு, நல்லதைக் கூட விலைக்கு வித்தவை. பேரைப் பாருங்கோ, லொட்டரி. எல்லாச் சிப்பும் ஓடும் எண்டால் அந்தக் கடைக்கு யாவாரமே இருந்திருக்காது. அவையே 2021 இல கடையை மூடிட்டினம், கூட்டிறதுக்கு இடம் குறைஞ்சு போச்சு எண்டதுதான் காரணம்.

சரி, உங்கட புளூ ஸ்கிறீனுக்கு வாறன், ஏனெண்டால் இது வேற கதை, இதில உங்களில பிழை சொல்லேலாது. புறொசசரை 4.6 ஆக்கிறது நீங்களாத் தேடிப்போனது, றாம் பெட்டியில கொட்டை எழுத்தில 3600 எண்டு போட்டிருக்கு, காசு குடுத்து வாங்கினவர் அது ஓடோணும் எண்டு நினைக்கிறது ஞாயம்தானே. ஆனா அந்த 3600 க்குப் பின்னால இருக்கிறது எக்ஸ்எம்பி எண்ட ஒரு புறொபைல், றாமை ஸ்ரான்டர்ட் வேகத்துக்கு மேல, 1.2 வோல்ற்றுக்குப் பதிலா அநேகமா 1.35 வோல்ற் குடுத்து ஓட்டிற செற்றிங். றாம் கொம்பனி சொல்லுறது "என்ர றாம் இந்த வேகம் தாங்கும்" எண்டு. உங்கட புறொசசருக்குள்ள இருக்கிற மெமரி கொன்ட்ரோலர் (றாமோட கதைக்கிற பகுதி) தாங்குமோ, உங்கட மதர்போட் தாங்குமோ எண்டு அவைக்குத் தெரியாது, அதுக்குப் பொறுப்பும் இல்லை. ஏஎம்டியைக் கேட்டா 5600 க்கு அதிகாரபூர்வ றாம் வேகம் டிடிஆர்4 3200, அதுக்கு மேல எல்லாம் அவைக்கு ஓவர்க்ளொக் தான்.

இன்னொண்டு ஒருத்தரும் வாங்கேக்க சொல்லாதது. அந்த 3200 உம் ரெண்டு றாம் போட்டால்தான். நாலு சிலொட்டையும் நிரப்பினா ஏஎம்டியின்ர கணக்கே இறங்குது, சிங்கிள் ராங்க் (மெமரி சிப் ஒரே தொகுதியா இருக்கிற றாம்) நாலு எண்டால் 2933, டுவல் ராங்க் (ரெண்டு தொகுதி) நாலு எண்டால் 2667. உங்கட 8 ஜிபி அநேகமா சிங்கிள் ராங்க் ஆத்தான் இருக்கும். ஆக, நாலு றாமோட 3600 கேக்கிறது அவை பொறுப்பெடுக்கிற 2933 க்கு மேல நல்ல தூரம். அதோட நீங்கள் ரெண்டு தரம் வேற வேற நேரம் வாங்கினது. ஒரே பிராண்ட், ஒரே நம்பர் எண்டாலும் உள்ளுக்க இருக்கிற மெமரி சிப் வேற கொம்பனியின்ரதா இருக்கலாம், அதாலதான் றாம் கொம்பனியள் ஒரு பெட்டிக்குள்ள வந்த சோடிக்கு மட்டும்தான் பொறுப்பு எண்டு சொல்லிறது. முதல் வாங்கின ரெண்டோட மட்டும் 3600 ஓடினதோ? நீங்கள் எழுதேல்லை, ஆனா ஓடியிருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன். பி450 உம் நல்ல 5600 உம் ரெண்டு றாமோட 3600 இல கனக்க இடத்தில பிரச்சினை இல்லாம ஓடுது.

இன்ரெல் வச்சிருக்கிறவையும் இதை வாசிக்கிறபடியால் ஒரு வரி. ஐ5 10400 ஐ பி460 போட்டில போட்டு 3600 றாம் வாங்கினவை எங்களிட்ட வாறவை, "ஏன் அண்ணை 2666 எண்டு காட்டுது" எண்டு. அந்தப் போட்டும் அந்தப் புறொசசரும் 2666 க்கு மேல விடாது, நீங்கள் தலைகீழா நிண்டாலும் விடாது. றாமில குடுத்த கூடின காசு சும்மா போனதுதான். அதே மாதிரி ஏஎம்டியில ஏ320, ஏ520 போட்டில புறொசசரைக் கூட்டேலாது. இதெல்லாம் அதிஷ்டக் கணக்கு இல்லை, வாங்கமுதல் பாத்துத் தெரிஞ்சுகொள்ளலாம், கடைக்காரர் சொல்லாட்டி நீங்கள் கேக்கோணும்.

இப்ப எங்கட ஊர் நிலவரம். புறொசசர் தின்னுற பவர் வேகத்தோட நேராக் கூடும், ஆனா வோல்ற்றேஜின்ர வர்க்கத்தோட கூடும். 4.4 இல இருந்து 4.6 எண்டால் வேகம் நாலரை வீதம் கூட. அதை நிப்பாட்ட வோல்ற்றேஜை ஒரு பத்து வீதம் ஏத்தினீங்கள் எண்டு வையுங்கோ, 1.1 ஐ 1.1 ஆல பெருக்கி 1.045 ஆலயும் பெருக்கினா 1.26. நாலரை வீத வேகத்துக்கு இருபத்தாறு வீத வெக்கை. உங்கட கூலர் அந்த 65 வொற் சிப்புக்கு மட்டுமட்டாக் குடுத்த சின்ன அலுமினியக் கூலர். மேல சீற், சித்திரை வைகாசியில அறைக்குள்ள முப்பத்தைஞ்சு பாகை, பிறகு சோழகம் அடிக்கத் தொடங்கினா புழுதி. போன கிழமை ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த ஒரு மிசின்ர பக்கத் தகட்டைக் கழட்டினனான், கூலர் தகடுகளுக்கிடையில சிவப்பு மண் கம்பளி மாதிரி படிஞ்சு, விசிறி சுத்துது ஆனா காத்துப் போக வழியில்லை, ஓட விட்டவுடன 90 ஐத் தொட்டுது. பிரஸ்ஸும் புளோவரும் பிடிச்சு பேஸ்ட் மாத்தின பிறகு அதே வேலையில எழுபதுக்குக் கிட்ட நிண்டது. அந்தப் பெடியனும் "ஓவர்க்ளொக் பண்ணித் தாங்கோ" எண்டுதான் கொண்டுவந்தவன், துடைச்சுக் குடுத்தவுடன டிஃபோல்ட்டிலயே முன்னத்தையை விட கெதியா ஓடுது எண்டு சந்தோசமாப் போட்டான். ஏனெண்டால் வெக்கை குறைஞ்சா பூஸ்ட் தானா மேல போகும்.

நாலரை வீதத்தால உங்களுக்கு என்ன லாபம் எண்டும் கணக்குப் பாருங்கோ. ஒரு மணித்தியால ரெண்டர் ரெண்டரை நிமிசம் முந்தி முடியும். அதுவும் முழு வேலையையும் புறொசசரே செய்தால்தான், நீங்கள் கிராபிக்ஸ் காட்டால எக்ஸ்போர்ட் பண்ணுற ஆள் எண்டால் அதுவும் இல்லை. இந்த ரெண்டரை நிமிசத்துக்காக நடுவில ரீஸ்ரார்ட் ஆகி முழு ரெண்டரும் திரும்ப முதலில இருந்து. ரீஸ்ரார்ட் ஆகிறது பறவாயில்லை எண்டு கூட சொல்லுவன், அது தெரியுது. தெரியாமப் பிழைக்கிறதுதான் ஆபத்து. அரைகுறையா நிக்கிற றாம் ஒரு பிட்டை மாத்தி எழுதும், வின்டோஸ் ஒண்டும் சொல்லாது, ஃபைல் சேவ் ஆகும், பிறகு பாத்தா தாலி கட்டுற இடத்தில பச்சைக் கட்டம் கட்டமா நிக்கும். ரெண்டரில வந்தால் திரும்பச் செய்யலாம், கமராக் காட்டில இருந்து ஹாட்டிஸ்க்குக்கு கொப்பி பண்ணேக்க வந்து, அதுக்குப் பிறகு காட்டையும் ஃபோமற் பண்ணியிருந்தா? அந்தக் கலியாணத்தைத் திரும்ப வைக்கச் சொல்லேலாதே. கேம் விளையாடுற பெடியன் கூட்டிப் பாக்கட்டும், விழுந்தா திரும்பப் போடுவான். ஊர்ச் சனத்தின்ர கலியாணத்தைக் கையில வச்சிருக்கிற நீங்கள் அந்த மிசினில இந்த விளையாட்டு விளையாடக் கூடாது, இதில எனக்கு ரெண்டாவது அபிப்பிராயம் இல்லை.

டிஃபோல்ட்டே எப்பவும் பாதுகாப்பு எண்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பேலாது எண்டதையும் சொல்லத்தான் வேணும். இன்ரெல் 13ஆம், 14ஆம் தலைமுறை மேல்மட்டச் சிப்புகள் ஒருத்தரும் கூட்டாமலே பழுதாகத் தொடங்கி, 2024 ஓகஸ்ட்டில மைக்ரோகோட் (சிப்புக்குள்ள ஓடுற கட்டளை) அப்டேற் விட்டு, வொரண்டியையும் ரெண்டு வருசம் நீட்டினவை. மதர்போட் கொம்பனியள் டிஃபோல்ட் எண்ட பேரில எல்லையைத் தாண்டி பவர் குடுத்ததும் அந்தக் கதையில ஒரு பங்கு. 2023 இல ரைசன் 7000 எக்ஸ்3டி சிப் சிலது எக்ஸ்போ (எக்ஸ்எம்பி மாதிரி ஏஎம்டியின்ர றாம் புறொபைல்) போட்ட மிசின்களில கருகினது, பிறகு எஸ்ஓசி (மெமரி கொன்ட்ரோலர் இருக்கிற பகுதி) வோல்ற்றேஜ் 1.3 க்கு மேல போகாம ஏஎம்டி கட்டிப்போட்டுது. உந்த ரகம் வச்சிருக்கிறவை பயோஸ் அப்டேற் பண்ணாம இருந்தா இண்டைக்கே பண்ணுங்கோ, கரண்ட் போகாத நேரம் பாத்து, யூபிஎஸ்ஸில போட்டு.

கடைக்காரர் விசயம். "4.7 ஓடும்" எண்டு சொன்னது பிழைதான், சொல்லியிருக்கக் கூடாது. ஆனா வாயால சொன்னதை வச்சுக்கொண்டு நீங்கள் போய் நிண்டா அவர் "நான் அப்பிடிச் சொல்லேல்லை" எண்டு முடிச்சிடுவார், பில்லில இருக்கிறது மொடல் நம்பர் மட்டும்தான். பில்லில எழுதியிருந்தா எண்டால் பொய் சொல்லி வித்த கணக்கில நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு குடுக்கலாம், 1977 எண்ட இலக்கம். இனிமேல் ஆரும் உங்களிட்ட இது இவ்வளவு ஓடும் எண்டு சொன்னா, சிரிச்சுக்கொண்டே "அண்ணை, அதை பில்லில ஒருக்கா எழுதி விடுங்கோவன்" எண்டு கேளுங்கோ. எழுத மாட்டார். அதோட கதை முடிஞ்சுது, ஓடும் எண்ட கதைக்கு ஒரு ரூபாவும் கூடக் குடுக்காதேங்கோ. பாவிச்ச சாமான் வாங்கேக்க இன்னும் கவனம், "ஓவர்க்ளொக் பண்ணி ஓடின பீஸ், சூப்பர்" எண்டு ஆரும் வித்தா அது விலையைக் கூட்டிற காரணம் இல்லை, குறைக்கிற காரணம்.

இன்னொண்டு, வொரண்டி எடுக்கிறதுக்காக "நான் ஒண்டும் கூட்டேல்லை" எண்டு பொய் சொல்லிக் குடுக்காதேங்கோ. சாமான் கொழும்புக்குப் போய், அங்க டிஃபோல்ட்டில போட்டுப் பாத்து, நல்லா ஓடுது எண்டு திருப்பி அனுப்புவினம், உங்களுக்கு ரெண்டு மூண்டு கிழமை மிசின் இல்லாமல் போனதுதான் மிச்சம். கொழும்பில கொம்பியூட்டர் கடையள் இருக்கிற யுனிட்டி பிளாசாவுக்குப் பக்கத்தில இருக்கிறவனுக்கு அது ஒரு ஓட்டோச் செலவு, எங்களுக்கு அப்பிடி இல்லை.

இப்ப செய்யவேண்டியது. முதல் இருக்கிற புறொஜெக்ட் எல்லாத்தையும் வெளி ஹாட்டிஸ்க்குக்கு எடுங்கோ, ஆனா இப்ப இருக்கிற செற்றிங்கில எடுக்காதேங்கோ, பயோஸுக்குள்ள போய் எல்லாத்தையும் டிஃபோல்ட் ஆக்கிப் போட்டு எடுங்கோ. பயோஸுக்குள்ளயே போக விடேல்லை எண்டால் மெயினைக் கழட்டிப்போட்டு போட்டில இருக்கிற வட்ட பற்றியைக் கொஞ்ச நேரம் எடுத்து வச்சால் காணும். பிறகு யூஎஸ்பியில மெம்ரெஸ்ட்86 (றாமைச் சோதிக்கிற புறோகிராம்) போட்டு ஒரு இரவு முழுக்க ஓட விடுங்கோ, நாலு றாமும் சேர்ந்து. ஒரு சிவப்பு வரி வந்தாலும் பெயில்தான், "ஒண்டுதானே" எண்டு விடாதேங்கோ. டிஃபோல்ட்டில பாஸ் ஆனா 2933 க்கு ஏத்தி இன்னொரு இரவு. அதுவும் பாஸ் எண்டால் அங்கேயே விட்டிடுங்கோ, 3600 ஐ மறந்திடுங்கோ, உங்கட வேலைக்கு 16 ஜிபி 3600 இல ஓடுறதை விட 32 ஜிபி 2933 இல ஓடுறது திறம். 32 ஜிபியும் வேணும் வேகமும் வேணும் எண்டு மனம் கேக்காட்டி நாலையும் வித்துப்போட்டு ஒரே பெட்டியில 16 ஜிபி றாம் ரெண்டு வாற சோடி ஒண்டு வாங்குங்கோ, 3200 எண்டு போட்டது காணும்.

புறொசசரில கை வைக்காமல் இருக்கவே ஏலாது எண்டால் மேல போறதுக்குப் பதிலா வோல்ற்றேஜைக் குறைச்சுப் பாருங்கோ. பிபிஓ எண்ட பூஸ்ட் செற்றிங்குக்குள்ள கேர்வ் ஒப்ரிமைசர் எண்டு ஒண்டு உங்கட போட்டின்ர புதுப் பயோஸில இருக்கும், அதில எல்லாக் கோருக்கும் நெகற்றிவ் 10 போட்டா வெக்கை கொஞ்சம் இறங்கி பூஸ்ட் கொஞ்சம் கூட நேரம் நிக்கும். இதுவும் ஓவர்க்ளொக் கணக்குத்தான், இதுவும் சிப்புக்குச் சிப் வித்தியாசம், நெகற்றிவ் 30 ஓடுது எண்டு ஆரோ சொன்னதுக்காகப் போடாதேங்கோ. வின்டோஸ் பிழைகளைப் பதியிற ஈவென்ட் வியூவரில டபிள்யூஎச்ஈஏ (ஹாட்வெயார் பிழை) எண்டு ஏதும் வருதோ எண்டு ஒரு கிழமை பாருங்கோ, வந்தா எடுத்து விடுங்கோ. கையில காசு இருந்தா நாலு செப்புக் குழாய் வச்ச ஒரு ரவர் கூலரும், பின்னேரம் வோல்ற்றேஜ் விழுற உங்கட லைனுக்கு நல்ல பவர் சப்ளை ஒண்டும் வாங்குறது, ஓடுமோ ஓடாதோ தெரியாத 200 மெகாஹேட்ஸை விட உங்களுக்கு உதவும்.

டிஃபோல்ட்டிலயே மெம்ரெஸ்ட் சிவப்புக் காட்டினா றாமை ஒவ்வொண்டாப் போட்டுத் தனித்தனியா ஓட்டுங்கோ. தனிய ஓடியும் பெயில் ஆகிற றாமை ஸ்கிறீனோட ஒரு போட்டோ எடுத்து, பில்லையும் கொண்டு கடைக்குப் போங்கோ. வொரண்டி இருந்தா அதுக்கு அவர் மாத்தித் தந்தே ஆகோணும்.